கடைசியில் நடப்பவர் யார்?

"என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன். எனக்கு என்ன நேர்ந்தாலும் குழுவோ ஒருங்கிணைப்பாளரோ பொறுப்பல்ல." வார இறுதியில் மலையேறக் கூட்டிப்போகும் குழுக்கள் பலவும் இப்படி ஒரு படிவத்துக்குச் சம்மதம் வாங்குகின்றன. நம் பிள்ளைகளும் படிக்காமலே கைபேசியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

நானும் சம்மதக் கடிதம் வாங்கியவள்தான். 34 வருட டீச்சர் வேலையில் எத்தனையோ சுற்றுலா. பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த நிமிடத்திலிருந்து பிள்ளை என் பொறுப்பு என்று அர்த்தம். பஸ் ஏறும்போது எண்ணுவோம், இறங்கும்போது எண்ணுவோம், கழிப்பறைக்குப் போய் வந்தால் மறுபடி எண்ணுவோம். 42 பேர் வந்திருந்தால் 42 தலை தெரிய வேண்டும். 41 என்றால் பஸ் நகராது. இவர்களோ கையெழுத்து வாங்கியதும் பொறுப்பு தீர்ந்தது என்கிறார்கள்!

"அவங்க குழந்தைங்க இல்ல டீச்சர், வளர்ந்தவங்க" என்று கமெண்ட் போடக் காத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், எந்தச் சரிவில் புல் காய்ந்து கிடக்கும், இருட்டுவதற்குள் இறங்க முடியுமா, இதெல்லாம் கூட்டிப்போகிறவருக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். நம்பி வருகிற முப்பது பேருக்குத் தெரியாது. தெரியாத ஆபத்துக்கு ஒருவர் எப்படிச் சொந்தப் பொறுப்பு ஏற்பார்?

குரங்கணியை மறந்துவிட்டோமா? 2018 மார்ச் 11. தேனி மாவட்டம். கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பலர் இளம்பெண்கள். அப்போது நம் ஊர்த் திண்ணைகளில் என்ன பேசினார்கள்? "பொம்பளப் பிள்ளைக்கு மலை எதுக்கு?" இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. தீ வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கிளம்பும் முன் யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? அதைக் கேட்டவர்கள் குறைவு.

அதன் பிறகு அரசு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை அறிவித்து, மலைவாழ் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தார்கள். தீ பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். கட்டணம் எனக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் மலையை அறிந்தவன் ஒருவன் கூட வருகிறானே!

குழுக்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாக வெளியூர் அனுப்பாத வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் இவற்றால்தான் மலையையே பார்த்திருக்கிறார்கள். காசு வாங்காமல் உழைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். (பையில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு காட்டுக்குள் பாட்டுப் போடுகிறவர்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.)

என் தம்பி மகள் ஒரு குழுவோடு போய் வந்தாள். வேகமாக ஏறுகிறவர்கள் முன்னால் போய் நிழலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றார்களாம். இவள் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்ததும் "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று எழுந்துவிட்டார்களாம். ஓய்வு யாருக்குத் தேவையோ அவளுக்கு ஓய்வே இல்லை. மூன்றாவது வளைவில் முன்னும் பின்னும் ஆளில்லாமல் தனியாக நடந்திருக்கிறாள். அவள் பின்தங்கியதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் யாரும் எண்ணவில்லை. வகுப்பில் மெதுவாகப் படிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுப் பாடம் முடிந்தது என்று சொல்கிற வாத்தியாரைப் போலத்தான் இது.

ஒருங்கிணைப்பாளர்களே, உங்கள் படிவத்தில் இரண்டு வரி சேருங்கள். முன்னால் நடப்பவர் பெயர், கைபேசி எண். எல்லாருக்கும் கடைசியில் நடப்பவர் பெயர், கைபேசி எண். அந்த இருவரும் முதலில் கையெழுத்துப் போடட்டும். அதற்குக் கீழே எங்கள் பிள்ளைகள் போடுவார்கள்.