பழைய மடிக்கணினியை மாற்றுவதா? விலைக்கு முன் பார்க்கவேண்டிய கணக்கு

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் வின்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. அந்தக் கணினிகள் மறுநாளும் இயங்கின, இன்றும் இயங்குகின்றன. நின்றுபோனது, புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான். இதனால் வடக்கு, கிழக்கில் பழைய மடிக்கணினி வைத்திருக்கும் வீடுகளும் சிறு அமைப்புகளும் ஒரே கேள்வியை எதிர்கொள்கின்றன: புதியது வாங்கத்தான் வேண்டுமா?

வின்டோஸ் 11க்கு மாற, ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் தேவை. எனவே 2017க்கு முன் வந்த மடிக்கணினிகள் பெரும்பாலும் தகுதி பெறாது. 'ஐ5' என்ற பெயரை மட்டும் நம்பமுடியாது. ஐ5-7200யு ஏழாம் தலைமுறை, அதற்குத் தகுதியில்லை. ஐ5-8250யு எட்டாம் தலைமுறை, தகுதியுண்டு. வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் பாவித்த மடிக்கணினியிலும், ஊர்ச் சங்கங்கள் பாடசாலைக்கு அன்பளிப்பாக அனுப்புவதிலும் முதலில் பார்க்கவேண்டியது இந்த இலக்கத்தைத்தான். அங்கே கழிக்கப்படும் கணினிகளே இங்கே நன்கொடையாக வந்து சேரக்கூடிய காலம் இது.

புதியது வாங்குவது எளிதல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. 500 டொலர் பெறுமதியான கணினி ஒரு இலட்சம் ரூபா. டொலர் 300 ரூபாவைத் தொட்டபின் அதே கணினி, வரிகளுக்கு முன்பே, ஒன்றரை இலட்சம். 2022 நடுப்பகுதிவரை 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. போதாததற்கு, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025இன் இறுதியில் ராம் விலை உலகெங்கும் ஏறியது.

இதற்கிடையில், வின்டோஸ் 10 பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் அறிவித்தது. அதற்கு 30 டொலர் கட்டலாம். அல்லது மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அந்நிறுவனத்தின் மேகக் களஞ்சியத்தில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில், யூரோகன்சியூமர்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பின் அழுத்தத்தின் பின் அந்தச் சேமிப்பு நிபந்தனை கைவிடப்பட்டது. அங்கே சட்டமும் அமைப்பாகத் திரண்ட நுகர்வோரும் இருந்தார்கள். இங்கே அப்படிக் கேட்பதற்கு யாருமில்லை.

ஆனால் எமது மக்களுக்கு விலையைவிட முதலில் வரவேண்டிய கேள்வி, அந்தக் கணினிக்குள் என்ன இருக்கிறது என்பது. 2010இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு முதல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வரை கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், சத்தியக்கடதாசிகள், காணி அனுமதிப்பத்திரங்கள், பிள்ளையின் கடைசிப் புகைப்படம். இடப்பெயர்வில் மூலப்பத்திரம் தொலைந்தவர்களுக்கு ஸ்கான் செய்த அந்தப் பிரதியே ஒரே சான்று. சிறு அமைப்பின் கணினியில் என்றால் சாட்சி சொன்னவர்களின் பெயரும் முகவரியும்கூட இருக்கும். பயங்கரவாதத் தடைச்சட்டத்தோடு 46 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்களுக்கு, அந்தப் பெயர்கள் வெளியேறினால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே பதில் எல்லோருக்கும் ஒன்றல்ல. படம் பார்ப்பதற்கும் பிள்ளைகளின் பாடத்துக்கும் மட்டும் பாவிக்கும் கணினிக்காகக் கடன்படத் தேவையில்லை. நீடிக்கப்பட்ட திருத்தத்தில் பதிந்துகொண்டு, வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தினால், மெதுவாக இயங்கும் கணினியின் வேகம் கண்கூடாகக் கூடும். பிறரின் வாக்குமூலங்களை வைத்திருக்கும் கணினி மட்டும், திருத்தம் பெறாத நிலையிலோ 'கிராக்' செய்த வின்டோஸிலோ ஒருநாளும் இணையத்தில் இருக்கக்கூடாது. பணம் இல்லாவிட்டாலும் வழி உண்டு. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இலவசம். தொடர்ந்து பாதுகாப்புத் திருத்தம் பெறுபவை. 4 ஜிபி ராம் உள்ள கணினியில் லினக்ஸ் மின்ட் ஓடும். லிப்ரே ஒபிஸில் கடிதமும் கணக்கும் செய்யலாம்.

எந்த வழியில் மாறினாலும் இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். எமது பழைய ஆவணங்களில் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். ஆகவே எழுத்துருவையும் கொண்டுசெல்லுங்கள். முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎப் பிரதியும் வைத்திருங்கள். இரண்டாவது, பழையதை விற்பது. 'டிலீட்' செய்த கோப்புகளை வன்தட்டிலிருந்து மீட்டெடுக்க முடியும். முழுத் தட்டையும் துடைக்கும் மென்பொருளால் அழிக்காமல், அல்லது தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளாமல், விற்கவும் வேண்டாம், திருத்தக் கொடுக்கவும் வேண்டாம்.

இவற்றைச் செய்ய ஒரு தொழில்நுட்பவியலாளரின் சில மணிநேரம் போதும். ஆனால் கிராமத்துச் சங்கமொன்றுக்கு அந்தச் சில மணிநேரம்தான் கிடைப்பதில்லை. புலம்பெயர் அமைப்புகள் கணினி அனுப்பும்போது அதைப் பராமரிக்கும் ஒருவரின் கூலியையும் சேர்த்து அனுப்பவேண்டும். பல்கலைக்கழகக் கணினித்துறை மாணவர்கள் மாதம் ஒருநாள் ஒதுக்கினாலும் பெரிய உதவி. இந்த வேலை 2026 ஒக்டோபருக்கு முன் முடியவேண்டும்.