பொறுப்பேற்க ஒருவர் வேண்டும்

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறது மத்திய சிறை. 1862 முதல் இயங்கிவருவது. ஏற்காடு பஸ்ஸும் அந்த வழியாகத்தான் போகிறது. கோடை விழாவுக்கும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் கூட்டம் கூட்டமாக மலையேறும் நமக்கு, அதே பஸ்ஸில் ஒரு துணிப்பையோடு ஊர் திரும்புகிற மனிதரைத் தெரியாது. தண்டனை முடிந்தோ ஜாமீன் கிடைத்தோ வெளியே வந்தவர் அவர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஊர்போய்ச் சேர்ந்ததும் அவருக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும்.

சென்னை போன்ற பெருநகரம் என்றால் பேட்டை மாறிப் பிழைத்துக்கொள்ளலாம். நாகலூரிலும் வாழவந்தியிலும் மாரமங்கலத்திலும் அது நடக்காது. யார் வீட்டுப் பிள்ளை, எந்த வழக்கு, எத்தனை வருடம் என்பதெல்லாம் மலை முழுக்கத் தெரியும். காபி பறிப்புக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி அவரை மட்டும் விட்டுவிடுவார். தங்கைக்கு வரன் தட்டிப்போகும். பழைய சிம் கார்டு செத்திருக்கும். அந்த எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்கையும் ஆதாரையும் பயன்படுத்துவது சிக்கலாகியிருக்கும். எங்காவது திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வரும். நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு ஒரு கடைசி நாள் உண்டு. ஊர் விதிக்கும் தண்டனைக்கு அது இல்லை.

அவர் குற்றம் செய்தவர்தானா என்றுகூட ஊர் கேட்பதில்லை. 2022-ஆம் ஆண்டின் தேசிய சிறைப் புள்ளிவிவரப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவருக்கு அப்போது தீர்ப்பே வந்திருக்கவில்லை. நம் பக்கத்து மலைகளான கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது ஆகியவற்றிலிருந்து செம்மரம் வெட்டத் தரகர்களால் கூலிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, ஆந்திரச் சிறைகளில் நீண்ட காலம் கிடந்து திரும்பிய பழங்குடி மக்கள் ஏராளம். உள்ளூரில் வேலை இல்லாமல்தான் அவர்கள் போனார்கள். திரும்பி வந்த பிறகும் வேலை கிடைக்காவிட்டால், வாசலில் வந்து நிற்கப்போவது அதே தரகர்தான். நல்லவர் யாரும் தேடி வராத வீட்டுக்குத் தரகர் தவறாமல் வருவார்.

அந்தத் தரகர் வருவதற்கு முன்னால் அந்த வாசலில் போய் நிற்க ஒருவர் வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

விடுதலையானவருக்குத் துணை நிற்கும் இந்த வேலை ஜப்பானில் ஒரு சாவிலிருந்து தொடங்கியது. பத்தாண்டு சிறையிலிருந்து திருந்தி வெளியே வந்த ஒருவரை வீடும் ஏற்கவில்லை, உறவும் ஏற்கவில்லை. சிறை அதிகாரிக்குக் கடிதம் எழுதிவைத்துவிட்டு அவர் தண்ணீரில் மூழ்கி உயிரை விட்டார். அதில் மனம் உலுக்கப்பட்ட கின்பாரா மெய்சென் என்ற செல்வந்தர் 1888-இல் ஷிசுவோகாவில் விடுதலையானவர்களுக்கான உதவி அமைப்பைத் தொடங்கினார். இன்று அங்கே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சம்பளம் வாங்காமல் இந்தப் பணியைச் செய்கிறார்கள். இவர்களுக்கு ‘ஹோகோஷி’ என்று பெயர். ஓய்வுபெற்றவர்களும் கடைக்காரர்களும் இல்லத்தரசிகளும் இதில் உண்டு. மாதத்துக்கு ஓரிரு முறை சந்திப்பார்கள், வேலை தேட உதவுவார்கள், குடும்பத்தோடு பேசுவார்கள்.

நமக்கும் இது அந்நியமானதல்ல. சென்னை மாகாணம் 1936-லேயே நன்னடத்தை (புரொபேஷன்) சட்டம் இயற்றியது. 1958-ஆம் ஆண்டின் மத்திய சட்டத்தில் 13-ஆவது பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் தரும் நபரும், சிறப்புச் சூழலில் தகுதியுள்ள வேறொருவரும்கூட நன்னடத்தை அலுவலராகச் செயல்படலாம் என்கிறது. பொதுமக்களுக்கான கதவை அந்தச் சட்டம் அன்றே திறந்துவைத்துவிட்டது. விடுதலை பெற்ற சிறைவாசிகளுக்கு உதவும் சங்கமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்கள் சிறைக்குள் போய் உதவுகிறார்கள். இவர்கள் எல்லோரின் கையும் எட்டாத இடம், விடுதலையான மறுநாள் காலை அந்த மலைக்கிராமத்து வீடு.

மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதே அங்கே பெரிய பலமும்கூட. ஓய்வுபெற்ற ஆசிரியரோ, ஊர்க் கவுண்டரோ, எஸ்டேட் ரைட்டரோ, மகளிர் குழுத் தலைவியோ, “எனக்குத் தெரிந்த பிள்ளைதான், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னால், அந்த வார்த்தைக்குக் காவல் நிலையச் சான்றிதழைவிட மதிப்பு அதிகம். மேஸ்திரி பறிப்புக்குச் சேர்த்துக்கொள்வார். கடைக்காரர் மாதக் கணக்கில் அரிசி தருவார்.

குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. அவர்களின் வலி உண்மையானது. அவர்களுக்குரிய நிவாரணம் தாமதமின்றிப் போய்ச்சேர வேண்டும். மன்னிக்கும்படி அவர்களை வற்புறுத்த யாருக்கும் உரிமையில்லை. ஆனால் வேலையும் துணையும் இல்லாமல் ஒருவரை மூலையில் தள்ளினால், நாளை பாதிக்கப்படப் போகிறவர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். 2024 மே மாதம் ஜப்பானின் ஓட்சு நகரில் ஒரு ஹோகோஷி தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அந்த நாடு இத்திட்டத்தைக் கைவிடவில்லை; தன்னார்வலர்களின் பாதுகாப்பை எப்படி உறுதிசெய்வது என்று யோசித்தது. நாமும் தொடக்கத்திலிருந்தே அதைக் கவனிக்க வேண்டும். முறையான பயிற்சி வேண்டும். ஒருவருக்கு இருவர் துணையாக, பொது இடத்தில் சந்திக்க வேண்டும். பெண்களுக்குப் பெண்களே துணை நிற்க வேண்டும். பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது. சிக்கல் என்றால் உடனே அழைக்க ஒரு நன்னடத்தை அலுவலரின் எண் கையில் இருக்க வேண்டும்.

விடுதலைக்கு மூன்று மாதம் முன்பே, வெளியே வரப்போகிறவருக்கும் துணை நிற்கப்போகிறவருக்கும் சிறைக்குள் அறிமுகம் நடந்துவிட வேண்டும். சிறைத்துறையும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சேர்ந்தால் இதைச் சேலத்திலேயே தொடங்கலாம். சிறையும் ஆணைக்குழுவும் இருப்பது ஒரே அஸ்தம்பட்டியில்தான். ஏற்காட்டின் மலைக்கிராமங்களில் ஊருக்கு இருவர் முன்வந்தால் போதும். அடுத்த காபி பறிப்பு தொடங்கும் கார்த்திகைக்குள் முதல் பட்டியல் தயாராகட்டும். அரசு அழைக்கும்வரை காத்திராமல், ஏற்காட்டு வாசகர்கள் தங்கள் பெயரைத் தாங்களே முன்வந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.