ஆவுளியாவின் மேய்ச்சல் நிலம்

பாக் விரிகுடாவில் கடல் ஆழம் குறைவு. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. வெயில் அடித்தரை வரை இறங்குவதால் அங்கே கடற்புல் அடர்ந்து வளர்கிறது. இது பாசியினம் அல்ல. வேரும் தண்டும் இலையும் பூவும் உள்ள செடி. இந்தப் புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டிதான் கடல் பசு. மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள்.

வளர்ந்த ஆவுளியா ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் இருக்கும். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ புல் தின்னும். கீழ்நோக்கி மடிந்த தடித்த உதட்டால் மண்ணைக் கிளறி, புல்லை வேரோடு பிடுங்கிவிடும். அது மேய்ந்து போன வழி, புல்வெளியின் நடுவே வளைந்து செல்லும் வெற்றுத் தடமாகத் தெரியும். ஆவுளியாவை நேரில் காண்பது அரிது; ஆய்வாளர்கள் பல வேளைகளில் இந்தத் தடத்தை வைத்தே அதன் நடமாட்டத்தை அறிகிறார்கள். மேய்ந்த இடத்தில் இளம்புல் துளிர்க்கும், சாணம் உரமாகும். அந்தப் புல்லுக்குள் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் ஒளிந்து வளர்கின்றன. கரையோர மீனவரின் வலைக்கு வரும் மீனில் ஒரு பங்கு இங்கிருந்து வருவதுதான். ஆகவே ஆவுளியாவைக் காப்பது மீனவரின் பிழைப்புக்கு எதிரானது என்ற பேச்சு அடிப்படையிலேயே தவறு.

நுரையீரலால் மூச்சுவிடும் இந்த விலங்கு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். செவுள் வலையில் சிக்கினால் வர முடியாது. மூச்சு முட்டிச் செத்துப்போகும். இழுவைமடி செய்யும் கேடு வேறு வகை. அது தரையை வாரிக்கொண்டு போகும்போது புல்லும் வேரோடு போய்விடுகிறது. ஒருகாலத்தில் இறைச்சிக்காக நடந்த வேட்டையும் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது. தாய் ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஒரு தாய் செத்தால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் தேவை.

இதன் உறவான ஸ்டெல்லர் கடல் பசுவுக்கு நேர்ந்தது நினைக்கவே வேதனை தருவது. 1741இல் பெரிங் கடலில் ஐரோப்பியர் கண்ணில் பட்ட அந்த இனம், வேட்டையால் 1768க்குள் அழிந்தே போனது.

இந்தியாவில் எஞ்சியுள்ள ஆவுளியாக்கள் சில நூறுதான். கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் தீவுகள், மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா ஆகியவையே அவற்றின் வாழிடங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் இதைச் சேர்த்துள்ளது. தமிழக அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்விலங்குக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுவே.

ஆனால் கடலுக்கு வேலி போட முடியாது. நள்ளிரவில் வலையை இழுக்கும் மீனவர்தான் உண்மையான காவலர். சிக்கிய ஆவுளியாவை விடுவிக்கப் பல நேரங்களில் வலையை அறுத்தாக வேண்டும். கடன் வாங்கி வாங்கிய வலை அது. அப்படி விடுவித்தவர்களை வனத்துறை பரிசளித்துப் பாராட்டியிருக்கிறது. பாராட்டோடு நில்லாமல், அறுந்த வலைக்கான முழுத்தொகையும் தாமதமின்றிக் கைக்கு வர வேண்டும். புல்வெளியின் மேல் இழுவைமடி ஓடுவதையும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். இவ்விரண்டும் நடக்காவிட்டால் பாதுகாப்பகம் வரைபடத்தில் மட்டுமே இருக்கும்.

வலையில் உயிரோடு சிக்கிய ஆவுளியாவைக் கண்டால், அதன் மூக்கு நீருக்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொண்டு வலையை அறுத்துவிடுங்கள். செத்துக் கரை ஒதுங்கியதைக் கண்டால் உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். இறைச்சி என்று யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள்.