விலை சொல்லாத சோறு

பினாங்கு என்று சொன்னதும் தமிழ் முஸ்லிம்களின் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, 1801ஆம் ஆண்டில் காதர் முகைதீன் என்னும் நம்மவர் தலைமையில் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். மற்றொன்று, அப்பள்ளிவாசலைச் சூழ்ந்த தெருக்களில் ஆவி பறக்கப் பரிமாறப்படும் நாசி கண்டார். குறைந்த செலவில் வயிறார உண்ணத் தக்க நகரம் எது என்று கேட்டால், ஜார்ஜ் டவுனைச் சுட்டாத பயண நூல் அரிது. அப்புகழில் பெரும் பங்கு நம் மக்களின் கைப்பக்குவத்துக்கு உரியது. அதை மறுக்க இக்கட்டுரை எழவில்லை. உண்டு எழுந்தவர் முணுமுணுத்துக்கொண்டு போகும் ஒரு கேள்வியை உரக்கக் கேட்கவே எழுந்தது. தட்டில் சோறு விழுமுன் அதன் விலை ஏன் சொல்லப்படுவதில்லை?

முதலில் இவ்வுணவின் பிறப்பை நினைவுகூர்வோம். 'நாசி' என்பது மலாய் மொழியில் சோறு. 'கண்டார்' என்பது தோளில் கழி வைத்து இருபுறமும் சுமை தொங்கவிட்டுத் தூக்குதல். நம் பழந்தமிழ் இதனைக் 'கா' என்று வழங்கும். காவடி என்னும் சொல்லில் அது இன்றும் வாழ்கிறது. இராமநாதபுரக் கரையோர ஊர்களிலிருந்தும், கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்தும் கடல் கடந்த நம் முன்னோருள் சிலர், ஒரு புறம் சோற்றுப் பானையும் மறுபுறம் ஆணமுமாகத் தெருத்தெருவாகச் சுமந்தனர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூலியாட்கள் அச்சோற்றை உண்டு வேலைக்குச் சென்றனர். ஆக, ஏழை சமைத்து ஏழை உண்ட சோறு இது. 1907ஆம் ஆண்டு தொட்டு நடந்துவரும் கடையும் அந்நகரில் உண்டு. கழி போய்க் கடை வந்தது; கடை போய்க் கிளைகள் வந்தன. 2008ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. இன்று மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் வெளிநாட்டாரும் அச்சோற்றுக்கு வரிசையில் நிற்கின்றனர். மகிழத்தக்க வளர்ச்சிதான்.

ஆயின் அந்த வரிசையின் முனையில் நடப்பது யாது? உண்பவர் விரலால் சுட்டுகிறார். பரிமாறுபவர் சோற்றின் மீது கோழியை வைக்கிறார், வெண்டைக்காயை வைக்கிறார், ஐந்தாறு ஆணங்களை மாற்றி மாற்றி ஊற்றுகிறார். 'பஞ்சிர்' என்று கேட்டால் வெள்ளமென ஊற்றுகிறார். அடுத்து நிற்பவர் தட்டைக் கண்ணால் ஒரு முறை அளக்கிறார். ஒரு தொகை பிறக்கிறது. சில கடைகளில் அத்தொகை உண்ணுமுன் சீட்டாக வருகிறது. சிலவற்றில் உண்டபின் கல்லாவில் வருகிறது. கோழிக்கு எவ்வளவு, மீன் சினைக்கு எவ்வளவு, ஆணத்துக்கு ஏதேனும் உண்டா என்பது அளந்த கண்ணுக்கு மட்டுமே தெரியும். அதே கடையின் சுவரில் ரொட்டி சானாய்க்கும் தேத்தண்ணீருக்கும் விலை எழுதியிருப்பதைக் காணலாம். விலை குறைந்த பண்டத்துக்குப் பலகை. விலை மிகுந்த பண்டத்துக்கு மௌனம்! இது என்ன முறை?

இதனால் இடர்ப்படுபவர் யார்? விமானத்தில் வந்திறங்கியவர் சற்று முகம் சுளித்துக் கொடுத்துவிட்டுப் போவார். மாதக் கடைசியில் பிள்ளைகள் மூவருடன் வந்த தந்தையை நினையுங்கள். வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து கட்டடப் பணியில் உழைப்பவரை நினையுங்கள். மீனைச் சுட்டினால் எவ்வளவு ஆகுமோ என்று அஞ்சி, முட்டையும் ஆணமும் போதும் என்று சொல்லும் நாவில் பசி இல்லையா? கேட்டு அறியலாமே என்பீர். பின்னால் இருபது பேர் நிற்கையில், 'இது எவ்வளவு?' என்று ஒவ்வொன்றாகக் கேட்பவன் தன் வறுமையைத் தானே ஊருக்கு அறிவிப்பவன் ஆகிறான். மானமுள்ளவன் அதற்கு உடன்படுவானா? தன் பையில் உள்ளதற்குள் எது அடங்கும் என்று யாரையும் கேளாமல் அறியக் கூடிய கடையே மலிவான கடை. துணிந்தவனுக்கும் பழகியவனுக்கும் மட்டும் மலிவாக இருக்கும் கடையை மலிவென்று சொல்வது மொழிக்குச் செய்யும் தீங்கு.

இனி, மறுப்போர் சொல்லும் நியாயங்களைப் பார்ப்போம்.

'இது தலைமுறை வழக்கம். வாங்குபவர் மனமொப்பியே உண்கிறார்' என்பது முதல் வாதம். நம் சகோதரருள் பலர் ஷாபிஈ மத்ஹபினர். ஆதலால் அந்த மத்ஹபின் நூல்களையே நோக்குவோம். வாய்ச்சொல் இன்றிக் கொடுத்து வாங்கும் 'முஆதாத்' முறையை, மக்கள் வழக்கில் அது விற்பனையாகக் கருதப்படும் இடங்களில், இமாம் நவவீ ஏற்றார்கள். இந்த அளவில் வழக்கத்துக்கு இடம் உண்டு. ஆனால் விலை அறியப்பட்டிருத்தல் என்பது வேறொரு நிபந்தனை. விலை பேசாமல் கடைக்காரரிடம் பொருளை எடுத்துக்கொண்டு பின்னர்க் கணக்குத் தீர்க்கும் 'இஸ்திஜ்ரார்' முறையை அதே இமாம் நவவீ செல்லாது என்றார்கள். இமாம் கஸ்ஸாலீ அதில் இளகினார்கள் என்பது உண்மை. அத்தளர்வுக்கு ஆதாரம் வழக்கமே. அப்பொருளின் வழக்கமான விலை இருவருக்கும் தெரிந்த இடத்தில்தான் அவ்வழக்கம் பொருள்படும். ஒரே தட்டுக்கு நேற்று ஒரு தொகை, இன்று ஒரு தொகை. இவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்றால், அங்கே வழக்கம் எங்கே இருக்கிறது? ஒருவருடைய மதிப்பீடு மட்டுமே இருக்கிறது. உண்டு செரித்த சோற்றைத் திருப்பித் தரவும் இயலாதே!

'மீனும் கணவாயும் நாளுக்கு நாள் விலை மாறுபவை. துண்டுகளும் ஒன்றுபோல் இரா' என்பது இரண்டாம் வாதம். விடியற்காலையில் சந்தைக்குச் சென்று கிலோக் கணக்கில் வாங்கியவருக்குத் துண்டு என்ன விலை அடங்கும் என்று தெரியாதா? சிறிது, நடு, பெரிது என மூன்றாகப் பிரித்துக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுத எத்தனை நிமிடம் ஆகும்? மாறும் விலைக்கு அழித்தெழுதும் பலகையே போதும். கிறித்து ஆண்டு 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ என்பார் அங்காடிக் கண்காணிப்பாளருக்கென்று எழுதிய 'நிஹாயத்துர் ருத்பா'வில் ரொட்டி சுடுவோர், இறைச்சி வாட்டுவோர், சமையல் விற்போர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அதிகாரம் உண்டு. அடுப்படி வரை வந்து அளவையும் கலப்பையும் கண்காணித்த மரபு நம்முடையது. நம் தமிழ் மரபும் குறைந்ததன்று; காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைப் பட்டினப்பாலை பாடிப் போற்றியிருக்கிறது. இவ்விரு மரபுக்கும் வாரிசான வணிகர், பலகை எழுத நேரமில்லை என்பது தகுமா?

'கண்ணளவு ஏழைக்கே நன்மை. இல்லாதவரைக் கண்டால் குறைத்துச் சொல்கிறோம்' என்பது மூன்றாம் வாதம். இதுவே வலிமையானது, சொல்பவருள் மெய்யாகவே இரக்கமுள்ளோர் பலர். எனினும் முகத்தையும் உடையையும் பார்த்துக் குறைக்கத் தெரிந்த கண்ணுக்கு, அவற்றைப் பார்த்துக் கூட்டவும் தெரியும். கொடை வேறு, வணிகம் வேறு. விலையை எழுதி வைத்துவிட்டு, வேண்டியவருக்குக் கல்லாவில் குறைத்துக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்? அப்போதுதான் நீங்கள் ஈந்தது ஈகை என்று பெறுபவருக்கும் தெரியும்.

'அரிசி ஏறிற்று, எண்ணெய் ஏறிற்று, கூலி ஏறிற்று' என்பது நான்காவது. ஏற்றுங்கள், எழுதி ஏற்றுங்கள். உழைப்புக்கு உரிய இலாபத்தை எவரும் பழிக்கவில்லை. விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது மலேசியச் சட்டம். கொள்ளை இலாபத்தைத் தடுக்க 2011ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. 2023 ஜனவரியில் அந்நாட்டரசு, சோறும் கறியும் காயும் அடங்கிய உணவை 5 ரிங்கிட்டுக்கு மேற்படாமல் தரும் திட்டத்தைத் தொடங்கி, அதற்கு 'மெனு ரஹ்மா' என்று பெயரிட்டது. ரஹ்மத் என்னும் அரபுச் சொல்லுக்குக் கருணை என்று பொருள். அந்த 5 ரிங்கிட் தட்டில் கருணையின் பெரும்பகுதி எது? உட்காருமுன்பே தொகை தெரிந்துவிடுவதுதான்.

பொருள்வாரியாக விலை எழுதிவைத்து விற்கும் கடைகளும் அங்கு உண்டு, அவர்கள் வாழ்க! அவர்களால் முடிந்தது மற்றவர்க்கு முடியாது என்பதை ஏற்பதற்கில்லை.

'இக்கரையில் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் உமக்கு அக்கரைக் கடையின் கணக்கு எதற்கு?' என்று சிலர் வினவக்கூடும். நம் கரையோர ஊர்களின் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் அக்கரைச் சம்பாத்தியம் கலந்திருக்கிறது. எம்மைப் போன்ற ஆசிரியர்களின் ஊதியத்திலும் கலந்திருக்கிறது. அப்பணத்தை உண்பவருக்கு, அது எவ்வாறு ஈட்டப்படுகிறது என்று கேட்கும் கடமையும் உண்டு. அளவில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் பெயர் பெற்றிருக்கையில், ஓதுபவன் வாய் மூடியிருப்பது எங்ஙனம்?

உணவக உரிமையாளர்களே! உங்கள் பாட்டன்மார் தோளில் கழி சுமந்து ஏழையின் வாசலுக்குச் சோற்றைக் கொண்டு சென்றனர். நீங்கள் அத்தனை பாரம் சுமக்க வேண்டா. சோற்றுப் பானைக்கு மேலே ஒரு பலகையைத் தொங்கவிடுங்கள். ஆணம் ஊற்றுமுன் தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள். பினாங்கு செல்லும் வாசக அன்பர்களே! நீங்களும் நாணாமல் விலையைக் கேளுங்கள். கொடுக்க வசதியுள்ளவர் கேட்டால்தான், கேட்க வாயில்லாதவருக்குப் பலகை கிடைக்கும்.