வலி தணிவது வேறு, எலும்பு தேறுவது வேறு

சீனப் பெருநகரங்களின் பாரம்பரிய மருத்துவமனைகளில், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா கருவியும் மூலிகைகளைக் காய்ச்சிக் கஷாயம் தரும் கூடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எலும்புப்புரை முற்றி, முதுகெலும்பு நொறுங்கி வரும் மூதாட்டிக்கு எலும்பு இழப்பைத் தடுக்கும் நவீன மருந்தையும் அங்கே எழுதித் தருகிறார்கள். வலிக்கு அக்குபங்சரும் செய்கிறார்கள். சீன மருத்துவமா, நவீன மருத்துவமா, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்ற கட்டாயம் அந்த மருத்துவம் பிறந்த மண்ணில் இல்லை. எல்லை கடந்து பிற நாடுகளின் சந்தைக்கு வரும்போதுதான் அது ‘பக்கவிளைவே இல்லாத மாற்று’ என்ற பெயரில் விலைபோகிறது. அதற்கு விலை கொடுப்பவர்கள், வலி தாங்காமல் எதையாவது பற்றிக்கொள்ளத் தவிக்கும் முதியவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள்.

கடுமையான எலும்பு இழப்பும் தீராத வலியும் ஒரே உடலில் இருக்கலாம். ஆனால், அவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். வலியைக் குறைக்க முடியுமா என்பது ஒன்று. அடுத்த எலும்பு முறியாமல் காக்க முடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சீன மருத்துவத்திடம் மதிக்கத்தக்க பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு நிரூபிக்கப்பட்ட பதில் அதனிடம் இன்னும் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

சத்தமில்லாமல் கரையும் எலும்பு

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கின்றன. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அரிப்பு வேகமெடுக்கிறது, கட்டுமானம் பின்தங்குகிறது. இளம் வயதினரின் சராசரியைவிட எலும்பின் அடர்த்தி 2.5 திட்ட விலக்கமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் அது எலும்புப்புரை என்று 1994இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. சீனாவின் தேசிய சுகாதார ஆணையம் 2018இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அங்கே 50 வயதைக் கடந்த பெண்களில் 32.1% பேருக்கு இந்த நோய் இருக்கிறது.

இவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருப்பதே தெரியாது. காரணம், எலும்பு மெலிவதால் மட்டும் வலிப்பதில்லை. முறிந்த பிறகுதான் வலிக்கிறது. முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அமுங்கும்போது உயரம் குறைகிறது, முதுகு கூனுகிறது, தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்கின்றன. முறிவு ஆறிய பின்னும் வலி ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். ஆகவே, வலி குறைந்துவிட்டது என்பதை வைத்து எலும்பு தேறிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. வலி மறைந்த அதே மாதத்தில் எலும்பு மேலும் கரைந்திருக்கலாம்.

பழைய நூலின் கூர்மை, அதன் எல்லை

இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்னும் சீன மருத்துவ நூல், எலும்பைச் சிறுநீரகத்தின் ஆளுகைக்குள் வைக்கிறது. அந்த மரபில் சிறுநீரகம் என்பது சிறுநீரைப் பிரிக்கும் உறுப்பு மட்டுமல்ல. வளர்ச்சி, இனப்பெருக்கம், முதுமை ஆகிய மூன்றையும் நடத்தும் ஆற்றலின் இருப்பிடம். இனப்பெருக்க ஆற்றல் வற்றும் வயதில் எலும்பும் வலுவிழக்கிறது என்பதை அம்மருத்துவர்கள் கண்ணால் பார்த்தே உணர்ந்திருக்கிறார்கள். மாதவிடாய் நிற்பதற்கும் எலும்புப்புரைக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் விளக்கியது 1940களின் தொடக்கத்தில்தான்.

இந்தக் கூர்மையை மதிக்க வேண்டும். அதேநேரம், நோயைச் சரியாகக் கவனித்தவர்கள் என்பதாலேயே அவர்கள் தந்த மருந்தும் சரி என்று ஆகிவிடாது. வைட்டமின் டி சிறுநீரகத்தில்தான் செயல்படும் வடிவம் பெறுகிறது என்பதைச் சுட்டிக்காட்டி, முன்னோர் அன்றே எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று வாதிடுவோர் உண்டு. அந்த ஒற்றுமை எந்தக் கஷாயத்துக்கும் சான்றாகாது. மருந்துக்கான சான்று நோயாளியின் உடலில்தான் கிடைக்க வேண்டும்.

வலிக்கு அக்குபங்சர்

வலியைப் பொறுத்தவரை அந்தச் சான்று ஓரளவு கிடைத்திருக்கிறது. 1971இல் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், அதன் பின் வந்த வயிற்று உபாதைக்கு அக்குபங்சர் பெற்றதை எழுதினார். மேற்குலகின் ஆர்வம் அதோடு பெருகியது. மின்தூண்டலுடன் செய்யப்படும் அக்குபங்சர், உடல் தானே சுரக்கும் வலிநிவாரணிகளைத் தூண்டுவதை பெய்ஜிங்கின் ஆய்வாளர் ஹான் ஜிஷெங் பல்லாண்டு ஆய்வுகளில் காட்டினார்.

2007இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு இதில் மிகவும் தெளிவானது. நாள்பட்ட கீழ்முதுகு வலி கொண்ட 1,162 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஆறு மாதங்களுக்குப் பின், முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6% பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். மரபுப் புள்ளிகளைத் தவிர்த்து, வேறு இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்தப்பட்டவர்களில் 44.2% பேருக்கு முன்னேற்றம். வழக்கமான மருந்து, உடலியக்கச் சிகிச்சை பெற்றவர்களில் 27.4% பேருக்கு மட்டுமே முன்னேற்றம். ஊசியை எந்தப் புள்ளியில் குத்துகிறோம் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. நோயாளிக்கு நிவாரணம் கிடைத்தது உண்மை என்பதையும் அவையே சொல்கின்றன. 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் தரவுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வும், போலிச் சிகிச்சையைவிட அக்குபங்சர் சற்று மேலானது என்றே கண்டது.

சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2016இல் கீழ்முதுகு வலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. 2021இல் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு அதைப் பரிசீலிக்கலாம் என்றது. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால், சிறுநீரகம் பழுதாகியோ வயிற்றில் புண் வந்தோ வலி மாத்திரை சாப்பிட முடியாத 75 வயதுப் பெண்ணுக்கு, பயிற்சி பெற்றவர் தூய ஊசியால் செய்யும் அக்குபங்சரை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அவருடைய வலியை உட்கார்ந்து கேட்பதற்கு ஒருவர் கிடைப்பதும் சிகிச்சைதான். நெரிசல் மிகுந்த மருத்துவமனைகளில் இரண்டு நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பப்படும் முதியவர்கள் வேறிடம் தேடிப் போவதற்கு இதுவே பெரிய காரணம். இதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சீன மரபின் இன்னொரு கொடை தாய்ச்சி. மெதுவான, சமநிலையைப் பழக்கும் இந்தப் பயிற்சி, முதியவர்கள் கீழே விழுவதைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கக்கூடும் என்று 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு கண்டது. விழாமல் இருந்தாலே பல இடுப்பு முறிவுகளைத் தவிர்க்கலாம். மாறாக, முதுகை அழுத்தித் திருகும் மசாஜ், எலும்புப்புரை உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. அதுவே முதுகெலும்பை நொறுக்கிவிடலாம்.

மூலிகையால் எலும்பு வலுப்பெறுமா?

எலும்பு இழப்புக்குச் சீன மருத்துவம் முக்கியமாகத் தருவது மூலிகைகளை. எபிமீடியம் என்ற செடியின் இலை, யூகோமியா மரப்பட்டை, டிரைனாரியா என்ற பெரணியின் கிழங்கு ஆகியவை அவற்றில் சில. எலும்புப்புரைக்கான சீன மூலிகைகள் தொடர்பான 108 ஆய்வுகளை, 10,655 நோயாளிகளை, 2014இல் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. எலும்பின் அடர்த்தி கூடுகிறதா என்பதே உறுதியாகவில்லை என்பது அதன் முடிவு. பெரும்பாலான ஆய்வுகளின் தரம் குறைவு.

நம்பிக்கை தரும் ஆய்வுகள் இல்லாமல் இல்லை. எபிமீடியத்தின் சேர்மங்களை 100 பெண்களிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. மருந்து உண்டவர்களிடம் எலும்பின் அடர்த்தி குறையவில்லை; போலி மாத்திரை உண்டவர்களிடம் குறைந்தது. ஆனால், அடர்த்தி கூடினால் முறிவு குறையும் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. இந்தப் பாடத்தை நவீன மருத்துவம் தன் சொந்தத் தோல்வியிலிருந்து கற்றது. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சோடியம் ஃபுளோரைடு உண்ட பெண்களின் கீழ்முதுகெலும்பின் அடர்த்தி நான்கு ஆண்டுகளில் 35% கூடியது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவோ அதிகரித்தது. சுண்ணாம்பு சேர்ந்ததே தவிர, எலும்புக்கு உறுதி சேரவில்லை. அந்த மருந்து கைவிடப்பட்டது.

முறிவு குறைகிறதா என்ற இதே உரைகல்லில் தேறியவையே இன்றைய மருந்துகள். அலெண்ட்ரோனேட், முன்பே முறிவு கண்ட பெண்களிடம் முதுகெலும்பு முறிவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்ததை 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியாகச் செலுத்தும் ஜோலெட்ரானிக் அமிலம், முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது 2007இல் தெரியவந்தது. தாடை எலும்பு பாதிப்பு, தொடை எலும்பில் வழக்கத்துக்கு மாறான முறிவு போன்ற பக்கவிளைவுகள் இவற்றுக்கு உண்டு. ஆனால், அவை அரிதானவை. எலும்பு கடுமையாகக் கரைந்த ஒருவருக்கு, மருந்து எடுக்காமல் இருப்பதன் ஆபத்து அவற்றைவிடப் பல மடங்கு பெரிது.

மறைந்திருக்கும் நஞ்சு

‘மூலிகைதானே, கெடுதல் இல்லை’ என்ற நம்பிக்கையும் தவறு. எலும்புப்புரைக்குச் சீனாவில் பரவலாக விற்கப்படும் ‘ஷியான்லிங் குபாவ்’ என்ற தயாரிப்பால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று 2016இல் அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. அதிலுள்ள மூலிகைகளில் ஒன்று, நம் சித்த மருத்துவத்தில் தோல்நோய்களுக்குப் பயன்படும் கார்போகரிசி. மூட்டுவலிக்குக் கொடுக்கப்படும் நாவி வகைக் கிழங்குகளைச் சரியாகப் பக்குவப்படுத்தாவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் எடையைக் குறைக்கத் தரப்பட்ட சீன மூலிகை மாத்திரையில் ஒரு செடிக்குப் பதில் வேறொரு செடி கலந்ததால், நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதாயின.

எலும்பு நோயாளிகள் இன்னும் அஞ்ச வேண்டியது கலப்படத்துக்கு. தைவானில் 2,609 பாரம்பரிய மருந்து மாதிரிகளைச் சோதித்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், 23.7% மாதிரிகளில் செயற்கை மருந்துகள் கலந்திருந்தன. ஸ்டீராய்டும் அவற்றில் உண்டு. ஸ்டீராய்டு வலியைச் சட்டென்று அடக்கும். தொடர்ந்து உண்டால் எலும்பை அரிக்கும். வலி போகிறதே என்ற நன்றியோடு நோயாளி விழுங்கும் அந்த மருந்தே அவருடைய அடுத்த எலும்பு முறிவுக்குக் காரணமாகலாம்.

செய்ய வேண்டியவை

சீன மருத்துவத்தின் மிகப் பெரிய வெற்றியே நமக்கு வழிகாட்டுகிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹாங்கின் மருத்துவக் கையேட்டில் சீன விஞ்ஞானி து யூயூ ஒரு குறிப்பைக் கண்டார். அதை அப்படியே நம்பவில்லை. ஆய்வகத்தில் சோதித்தார், தோல்வி கண்டார், பிரித்தெடுக்கும் முறையை மாற்றினார். அப்படிக் கிடைத்த ஆர்ட்டிமிசினின், மலேரியாவிலிருந்து பல லட்சம் உயிர்களைக் காத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எலும்புக்கான மூலிகைகளும் இதே சோதனையைக் கடந்து, முறிவைக் குறைப்பதாகக் காட்டட்டும். அன்று அவற்றை முழுமனதோடு வரவேற்போம்.

அதுவரை அரசு செய்ய வேண்டியவை உண்டு. வலிக்கென்று விற்கப்படும் எல்லாப் பாரம்பரிய மருந்துகளிலும் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று தொடர்ந்து சோதிக்க வேண்டும். அக்குபங்சர் நிலையங்கள் நிறைந்த தமிழ்நாட்டில், வேறு மருந்துகளை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அந்தச் சிகிச்சையாளருக்கு இல்லை என்பதைத் தெளிவாக்க வேண்டும். மருத்துவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது: வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கடிந்துகொள்ளாமல் கேட்பது. கடிந்துகொண்டால் நோயாளிகள் மறைப்பார்கள்.

எலும்புப்புரை உள்ளவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வலிக்கு அக்குபங்சர் செய்துகொள்ளுங்கள், தாய்ச்சி பழகுங்கள், இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். புதிதாக முதுகுவலி வந்தால், ஊசிக்கோ மசாஜுக்கோ போகும் முன் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எலும்பு இழப்பைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை, வலி இல்லை என்பதற்காகவோ வேறு யாரோ சொன்னார்கள் என்பதற்காகவோ பாதியில் விட்டுவிடாதீர்கள். அதை மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால், எலும்பு இழப்பு வேகமாகத் திரும்பி முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.