அசுவினிக்கு எத்தனை குரோமோசோம்?

மனிதனுக்கு 46, பட்டாணிச் செடிக்கு 14. ஒரு இனத்துக்கு ஒரு எண் என்றுதான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம். அசுவினிப் பூச்சியிடம் இந்தக் கணக்கு செல்லாது நண்பர்களே.

சோளக் குருத்தில் அடை அடையாக அப்பியிருக்குமே, ரோபலோசிஃபம் மைடிஸ், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றுதான். ஆனால் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் இருப்பவற்றுக்குப் பெரும்பாலும் 8 குரோமோசோம், பார்லியில் இருப்பவற்றுக்கு 10!

எப்படி? நம் குரோமோசோமில் சென்ட்ரோமியர் ஓரிடத்தில்தான் உண்டு. செல் பிரியும்போது இழுபடுவது அந்தப் பிடியால்தான். உடைந்தால், பிடி இல்லாத துண்டு தொலைந்துபோகும். அசுவினிக்கோ குரோமோசோமின் நீளம் முழுக்கப் பிடிதான். அதனால் இரண்டு துண்டும் பிழைத்துக்கொள்ளும். போதாததற்கு ஆண் துணையே இல்லாமல் குட்டி போடும் பூச்சி. குரோமோசோம்கள் ஜோடி சேரவேண்டிய தொல்லை இல்லை. மாற்றம் அப்படியே மகள், பேத்தி என்று போய்க்கொண்டிருக்கும்.

"சரி, விவசாயிக்கு இதனால் என்ன?" என்று கேட்பீர்கள். பீச், உருளைக்கிழங்கு, புகையிலை என்று எதையும் விடாத மைசஸ் பெர்சிகேவுக்கு வழக்கமாக 12 குரோமோசோம். பூச்சிமருந்துக்கு அசராத வகைகளில் 1-வது, 3-வது குரோமோசோம்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருப்பதை பிளாக்மன் குழுவினர் 1978-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மருந்தை முறிக்கும் எஸ்டரேஸ் நொதியின் ஜீன் இவற்றில் பல நகல்களாகப் பெருகியிருப்பது பின்னால் தெரிந்தது. இடமாற்றம் இல்லாமலே மருந்தைத் தாங்கும் வகைகளும் உண்டு என்பதால், குரோமோசோமை மட்டும் பார்த்து மருந்தை முடிவு செய்ய முடியாது. ஆனால் ஒரே பெயருக்குள் வேறு வேறு பூச்சிகள் ஒளிந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே என் கருத்து இதுதான். பயிர்ச் சேதம் பற்றி எழுதும்போது இனப்பெயரோடு நிறுத்தக் கூடாது. எந்தப் பயிரில் பிடித்தது, எத்தனை குரோமோசோம் என்றும் எழுத வேண்டும். பார்லி அசுவினியை வைத்துக் கண்ட முடிவை மக்காச்சோள வயலுக்கு அப்படியே சொல்வது ஆபத்து.

டி.என்.ஏ. காலத்தில் ஸ்லைடு பழைய சங்கதி என்பார்கள். இருக்கட்டுமே. தாயின் வயிற்றிலிருக்கும் கருக்கள், கொஞ்சம் சாயம், நல்ல மைக்ராஸ்கோப் இருந்தால் போதும். வருஷா வருஷம் வெங்காய வேரையே நசுக்கி, தெரிந்த விடையையே ரெக்கார்டு நோட்டில் வரைகிறோம். ஒரு வருஷம் பக்கத்து வயல் அசுவினியை எண்ணினால், யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் விடை கிடைக்கும். என்ன சொல்கிறீர்கள்?