‘புரியவில்லை’ என்று சொல்லும் பார்வையாளர்

1971இல் தொடங்கப்பட்ட சுசித்ரா திரைப்படச் சங்கம் பெங்களூரு பனசங்கரியில் இயங்கி வருகிறது. வசந்தநகரில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. இத்தகைய அரங்குகளில் படம் முடிந்து விளக்கு எரியும்போது நிலவும் மௌனத்தில் பாதி, ரசனையால் விளைவதன்று. ‘ஒன்றும் புரியவில்லை’ என்பதை முதலில் யார் சொல்வது என்னும் தயக்கத்தால் விளைவது. அத்தயக்கத்தை உடைக்கும் சாதாரணப் பார்வையாளரை ரசனையற்றவர் என ஒதுக்குவது திரைப்பட ஆர்வலர்களின் பழைய வழக்கம். அதில் நியாயமில்லை.

கோதாரின் ‘பிரெத்லெஸ்’ (1960) நல்ல சான்று. கார் திருடன் மிஷேல் ஒரு காவலரைச் சுட்டுக் கொல்கிறான். குற்றப்படம் பார்க்க வந்தவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. ஆனால் கொலை நொடிகளில் முடிந்துவிட, அதன்பின் விடுதி அறையில் அவனும் அமெரிக்கப் பெண் பட்ரீசியாவும் இருபது நிமிடங்களுக்கு மேல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காரில் செல்லும்போது ஒரே உரையாடலின் நடுவே படம் துள்ளித் துள்ளி ஓடுகிறது. ‘பிரிண்ட் பழுதா?’ என்று கேட்பவர் உண்மையில் கூர்ந்து பார்த்திருக்கிறார். படம் அளவுக்கு மீறி நீண்டுவிட்டபோது, காட்சிகளை முழுதாக நீக்காமல் ஷாட்டுகளுக்குள்ளேயே வெட்டியதில் பிறந்த துள்ளல் அது. அதை ‘அழகியல் புரட்சி’ என்று மனப்பாடமாக ஒப்பிப்பவரைவிட, கண் உறுத்தி முகம் சுளித்தவரே படத்துக்கு நெருக்கமானவர்.

இன்னொன்றும் மறக்கப்படுகிறது. பாரிஸில் இப்படம் பொதுமக்களிடையே நன்றாகவே ஓடியது. அத்தெருக்களும் அக்கொச்சை மொழியும் அவர்களுடையவை. துள்ளும் படத்தொகுப்புக்கு நடுவே கால் ஊன்ற அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. ஒரே நிகழ்வைப் பலர் பார்வையில் சொன்ன கன்னடப் படம் ‘உளிதவரு கண்டந்தே’ (2014) பெங்களூருக்காரருக்கு அத்தகைய இடத்தைத் தந்தது; கதை சிதறினாலும் கரையோரக் கன்னடமும் புலியாட்டமும் பார்வையாளரைத் தாங்கின. பிரெஞ்சுப் படத்துக்கோ அவர் ஆங்கிலத் துணைவரி வழியே வருகிறார். பலருக்கு ஆங்கிலமே மூன்றாம் மொழி.

அங்கு இழப்பது சிறிதன்று. இறுதிக் காட்சியில் சுடப்பட்டு வீழ்ந்த மிஷேல், ‘தெகுலாஸ்’ என்னும் கொச்சைச் சொல்லை முணுமுணுக்கிறான். அருவருப்பு என்று ஏறத்தாழப் பொருள். அவன் சொன்னதன் எழுவாய் ‘இது’. எது என்று தெரியாது: சாவா, காட்டிக்கொடுத்தலா, வாழ்வேயா? அருகிலுள்ள காவல் அதிகாரி அதைப் பட்ரீசியாவிடம் ‘நீங்கள்’ என்று மாற்றிச் சொல்கிறார். குறிப்பற்றுக் கிடந்த சொல் ஒரே பிரதிப்பெயரால் பழியாகிவிடுகிறது. இவ்விடத்தில் ஆங்கிலத் துணைவரிகள் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுகின்றன. சிலவற்றில் இம்மாற்றமே தெரிவதில்லை. பட்ரீசியாவோ, அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கிறாள். படம் முடிந்துவிடுகிறது.

புரியாத ஒருத்தியின் கேள்வியோடு முடியும் படத்தைப் பார்த்துவிட்டு ‘புரியவில்லை’ என்பவரைப் பார்த்து யார் சிரிக்க முடியும்? திரையிடலுக்கு முன் இயக்குநரின் பெருமையை அரைமணி நேரம் பேசுவோர், அந்த ‘இது’வும் ‘நீங்க’ளும் பற்றி இரண்டு நிமிடம் சொன்னால் போதும்.